ஒரே எண்ணில் இரண்டு பையன்கள்

கம்ப்யூட்டர் முடியாது என்று சொல்லிவிட்டது.

ரஹாயுவுக்கு அது ஒரு விதத்தில் பிடித்திருந்தது. அந்த மருத்துவமனையில் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லத் தெரிந்தது அவளுக்கும் அந்த சர்வருக்கும் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாம் "பார்க்கலாம்" என்பார்கள், "முயற்சி பண்றோம்" என்பார்கள், சிரிப்பார்கள். நாம்தான் அந்தச் சிரிப்பில் எத்தனை பல் தெரிகிறது என்று பார்த்து, ஆகுமா ஆகாதா என்று புரிந்துகொள்ள வேண்டும். ரஹாயு பான்யுமாஸ்காரி. அவள் ஊரில் சிரிப்பு வந்தால் சிரிப்பார்கள், கோபம் வந்தால் கத்துவார்கள். அதற்காக சோலோ, ஜோக்ஜா பக்கத்துக்காரர்கள் அவர்களைக் கேலி பேசுவார்கள். பேசட்டும்.

அவளுடைய மேலதிகாரி பாக் ட்ரெங்கோனோ சோலோக்காரர். அங்கே பாக் என்றால் ஐயா, ம்பாக் என்றால் அக்கா. வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் பேசுவார்.

"என்ன சொல்லுது ம்பாக் ரஹாயு?"

"முடியாதுங்குது பாக்."

"கொஞ்சம் பக்குவமா சொல்லிப் பாத்தீங்களா?"

"நான் பக்குவமா சொன்னா இதுக்குப் புரியவா போகுது? காலி எண் இருக்குதாம். காலி எண் இருந்தா கீ போட விடாதாம்."

விஷயம் இதுதான். பூர்வொகெர்த்தோவில் அந்தத் தனியார் மருத்துவமனையின் மூன்றாவது மாடி, தலசீமியா பிள்ளைகளுக்கானது. மாதா மாதம் வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ரத்தம் ஏற்றிக்கொண்டு போகிற பிள்ளைகள். திங்கட்கிழமை அவர்களுக்காகப் புது மென்பொருள் திறக்கப் போகிறார்கள், மாவட்டத் தலைவரே வந்து பட்டனை அமுக்கப் போகிறார். புது மென்பொருளுக்கு ஒரே ஒரு பிடிவாதம்: நோயாளிகள் டேபிளில் பிரைமரி கீ இருக்க வேண்டும்.

பிரைமரி கீ என்பது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு எண். அது காலியாக இருக்கக்கூடாது, இன்னொருவருக்கும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் அந்த டேபிளைப் பல வருஷம் முன்னால் கட்டிய புண்ணியவான் அது இல்லாமலே கட்டிவிட்டுப் போய்விட்டார். கதவு வைக்காத வீடு. யார் வேண்டுமானாலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் நுழையலாம், ஒருவரே இரண்டு பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம். இப்போது திடீரென்று கதவு வைக்கச் சொன்னால் உள்ளே இருக்கிறவர்களை எண்ண வேண்டாமா?

கீயாக அடையாள எண்ணை வைத்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. பிறந்த குழந்தைக்கும் குடும்ப அட்டையில் ஒரு எண் உண்டு, சாகும் வரை மாறாது.

"காலியா இருக்கிற இடத்துல எல்லாம் பூஜ்யம் போட்டுட்டா?" என்றார் பாக் ட்ரெங்கோனோ.

"போடலாம். போட்டா அடுத்த எரர் வரும்."

"எப்படிச் சொல்றீங்க?"

வாயால் சொல்லிப் புரிய வைப்பதைவிடச் செய்து காட்டுவது சுலபம். டேபிளுக்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் காலியான இடங்களில் பூஜ்யம் போட்டு, மறுபடி கமாண்ட் கொடுத்தாள். 'பூஜ்யம் என்ற எண் ஏற்கெனவே இருக்கிறது' என்று திரை சிவந்தது.

"பேரே இல்லாத பத்துப் பேரை எல்லாம் 'டேய்'னு கூப்பிட்டா பத்துப் பேரும்தானே திரும்பிப் பாப்பான்?"

பாக் ட்ரெங்கோனோ சிரித்தார். இந்த முறை நிஜமாகவே சிரித்தார் என்று அவளுக்குத் தோன்றியது.

காலி எண்களுக்கு ஒரே வழி, தொலைபேசி. அட்டை கொண்டு வராமல் அவசரத்தில் சேர்த்த பிள்ளைகள் அவர்கள். ரஹாயு ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டாள். ஒரு அம்மா அட்டையைத் தேடப் போய், தொலைந்துபோன கம்மலைக் கண்டுபிடித்து, எண்ணைச் சொல்ல மறந்து நன்றி சொல்லி வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது. ஒரு அப்பா எண்ணைச் சொல்லிவிட்டு, "போன மாசம் போயிட்டான் ம்பாக், இன்னும் அந்த எண் வேணுமா?" என்று கேட்டார். வேண்டும் என்றாள். எண் மாறாது, அழியாது என்றாள். அதில் அவருக்கு என்ன ஆறுதல் இருந்ததோ, "நல்லது, எழுதிக்கங்க" என்றார். ரஹாயு எழுதி, ஒவ்வொரு இலக்கத்தையும் திரும்பச் சரி பார்த்தாள்.

காலி தீர்ந்தது. கமாண்ட் கொடுத்தாள். மறுபடி முடியாது. இந்தத் தடவை நிஜமான இரட்டை.

டேட்டாபேஸுக்கு ஒரு குணம் உண்டு. இரட்டைகள் எத்தனை இருந்தாலும் முதலில் இடித்த ஒன்றை மட்டும் காட்டி நின்றுவிடும். அதைத் தீர்த்தால் அடுத்ததில் இடிக்கும். இப்படி ஒவ்வொன்றாக முட்டிக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை அல்ல, அடுத்த ரம்ஜானே வந்துவிடும். அதனால் ரஹாயு எண் வாரியாகக் கூட்டி, ஒன்றுக்கு மேல் வருகிறவற்றை மட்டும் மொத்தமாகக் காட்டச் சொன்னாள்.

பெரும்பாலும் சில்லறைத் தப்புகள். வரவேற்பு மேசையில் பட்டனை இரண்டு தடவை தட்டியதால் இரண்டு தடவை பிறந்தவர்கள். 'சுகார்தோ' ஒரு வரியில், 'சூகர்த்தோ' இன்னொன்றில், ஒரே ஆள், இரண்டு விரல்களின் எழுத்து. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, சேர்த்தாள்.

ஒன்று மட்டும் அப்படி இல்லை.

எண் ஒன்று. பிறந்த தேதி ஒன்று. அம்மா பெயர் துர்சினி, இரண்டிலும். பையன் பெயர் மட்டும், பழைய வரியில் ராதித்ய பகஸ்கர மகேந்திரா. போன வாரம் சேர்த்த புது வரியில் வாலுயோ.

"ஓஹோ" என்றார் பின்னால் நின்று பார்த்த பாக் ட்ரெங்கோனோ. வெண்ணெய் கொஞ்சம் இறுகியது. "ஒரே அட்டையில ரெண்டு பையன். ஒருத்தன் காப்பீட்டுல இன்னொருத்தன் வந்து வைத்தியம் பாக்கறான். இதைக் காப்பீட்டு ஆபீஸ் பாத்துச்சுன்னா என்ன ஆகும்னு தெரியுமா? ஒரு வருஷத்துக் கணக்கையும் கிளறுவாங்க."

"அண்ணன் தம்பியா இருக்கும்னு சொல்றீங்களா?"

"பக்கத்து வீட்டுப் பையனாக்கூட இருக்கலாம். நமக்கெதுக்கு ம்பாக்? புதுசு நிக்கட்டும், பழசு போகட்டும். இரட்டையில பழசைத் தூக்குற கமாண்ட் இருக்குல்ல? ஒரே வரி. எரரும் போயிடும், பிரச்சினையும் போயிடும்."

இருக்கிறது. ஒரே வரிதான். படித்தவர்களின் அலட்சியத்துக்கு எப்போதும் ஒரே வரிதான் தேவைப்படும். ரஹாயுவின் விரல்கூட ஒரு நிமிஷம் அந்த வரியை அடிக்கத் தயாராகத்தான் இருந்தது. காலையிலிருந்து சோறு சாப்பிடவில்லை, முதுகு வலித்தது. அந்தப் பெயர்தான் அவளைப் பிடித்து நிறுத்தியது.

வாலுயோ. நோய் தீர்ந்து குணமானவன் என்று அர்த்தம். இந்தக் காலத்தில் ஒன்பது வயதுப் பையனுக்கு யார் அந்தப் பெயர் வைப்பார்கள்? பஸ் ஸ்டாண்டில் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிழவருக்கு இருக்கும் அந்தப் பெயர். ஒருத்தி தன் பிள்ளைக்குச் சூரியனையும் இந்திரனையும் சேர்த்துக் கட்டிப் பெயர் வைப்பாள். வாலுயோ என்று வைக்க மாட்டாள். வைத்தால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

அவளுக்கே அதே காரணத்துக்காகத்தான் ரஹாயு என்று பெயர். ரஹாயு என்றால் நலமாக இருப்பவள்.

அவள் பழைய வரியைத் திறந்து கடைசிப் பத்தி வரை போனாள். அங்கே சிவப்பில் ஒரு குறிப்பு. ரத்தம் ஏற்றியபின் நடுக்கம், கடும் காய்ச்சல். இந்தப் பையனின் உடம்பு ஒரு குறிப்பிட்ட வகை ரத்தத்தை எதிர்க்கிறது, அந்த வகை கலக்காத பையைத்தான் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

புது வரியில் அந்த இடம் காலி. அதே வரியின் இன்னொரு கட்டத்தில்: ரத்தம் ஏற்றும் நாள், நாளை.

"பாக், இது ஒரே பையன்."

"எப்படிச் சொல்றீங்க?"

"பேரு மாத்தியிருக்காங்க."

"மாத்தியிருந்தா குடும்ப அட்டையில மாறியிருக்கணும். கோர்ட்டு உத்தரவு வேணும்."

"எங்க ஊருல காய்ச்சல் கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கிட்டு வராது பாக். பிள்ளைக்குப் பேரு கனம் தாங்கலைன்னா அன்னிக்கே மாத்திடுவாங்க. சிவப்புக் கஞ்சி, வெள்ளைக் கஞ்சி காய்ச்சி நாலு வீட்டுக்குக் குடுத்தா முடிஞ்சது. உங்க சோலோவுல இல்லையா இது?"

அவர் பல் தெரியாமல் சிரித்தார். இருக்கிறது என்று அர்த்தம்.

"ஒருவேளை ரெண்டு பையனாவே இருந்தா?" என்றார் கொஞ்சம் கழித்து. "நீங்க ரெண்டையும் சேர்த்து, ஒருத்தன் குறிப்பை இன்னொருத்தன் தலையில கட்டிட்டா அதுவும் ஆபத்துதானே?"

அந்த மனிதர் மேல் ரஹாயுவுக்கு முதல் தடவையாக மரியாதை வந்தது அந்தக் கேள்வியில்தான். உண்மை. தூக்குவதும் ஆபத்து, சேர்ப்பதும் ஆபத்து. டேபிளுக்குள் உட்கார்ந்துகொண்டு இதற்கு விடை கண்டுபிடிக்க முடியாது.

"அவங்க அம்மாகிட்ட கேக்கறேன். அது வரைக்கும் அந்த ஒரு வரி கமாண்டைத் தொடாதீங்க. தொட்டீங்கன்னா நான் மாவட்டத் தலைவர் முன்னாடியே கத்துவேன்."

"கத்துவீங்கன்னு தெரியும்" என்றார் பாக் ட்ரெங்கோனோ. கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

*

நாளைக்கு ரத்தம் ஏற்றுகிற பிள்ளைகளுக்கு முந்தின நாளே சாம்பிள் எடுப்பார்கள். மூன்றாவது மாடி வராந்தாவில் அதற்கான வரிசை. ரஹாயு போனபோது துர்சினி ஓரத்தில் உட்கார்ந்து, எண்ணெய் ஊறிய காகிதத்தில் மெண்டோவானை மடியில் விரித்துப் பையனுக்குக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டெம்பே என்கிற சோயாக் கட்டியில் போட்ட, பாதி வெந்த பஜ்ஜி, கூடவே பச்சை மிளகாய். பையன் மிளகாயைக் கடித்துவிட்டு அழாமல் காட்டினான். முகம் மஞ்சள், கண் மட்டும் துறுதுறுவென்று இருந்தது.

"வாலுயோ அம்மாதானே?"

"ஆமா. என்ன ம்பாக்? ஊசி போட்டாச்சே."

"ஊசிக்கு இல்ல. நான் கம்ப்யூட்டர் ரூம்ல வேலை பாக்கறேன்."

துர்சினியின் கை நின்றது. "காப்பீடா? அட்டை சரியாத்தான் இருக்கு. வேணும்னா பாருங்க."

"அட்டை சரிதான். எண்ணும் சரிதான். அந்த எண்ணுல…" என்று தொடங்கிய ரஹாயு வாயை மூடிக்கொண்டாள்.

அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. பையன் காதில் விழக் கூடாது. விட்டுவிட்டு வந்த பெயரைத் திரும்பக் கூப்பிட்டால் விட்டுவிட்டு வந்த வியாதியும் 'என்னையா கூப்பிட்டாய்' என்று எழுந்து வரும். இதில் நம்பிக்கை உண்டா என்று பல்கலைக்கழகத்தில் யாராவது கேட்டிருந்தால் ரஹாயு அவர் முகத்துக்கு நேராகச் சிரித்திருப்பாள். ஆனால் இங்கே, இந்தப் பிள்ளை முன்னால், நாக்கு எழவில்லை.

முகத்துக்கு நேராகப் பேசுகிறவளுக்கு முதல் தடவையாகச் சுற்றிப் பேச வேண்டி வந்தது.

"இவனுக்கு எப்பருந்து வாலுயோ?"

துர்சினி பையனைப் பார்த்தாள், ரஹாயுவைப் பார்த்தாள். "பொறந்ததுலருந்து."

"பொய்" என்றான் பையன். "பள்ளிக்கூடத்துல பசங்க என்னைத் தாத்தாங்கறானுங்க. முன்னாடி அப்படிச் சொல்ல மாட்டானுங்க."

"வாயை மூடு கண்ணு. கீழ போயி ஐஸ் டீ வாங்கிட்டு வா. ஐஸ் கம்மியா. ஓடாத, நட!"

பையன் நடந்து போய், மாடிப்படி திரும்பியதும் ஓடினான். செருப்புச் சத்தம் அடங்கும் வரை துர்சினி படிக்கட்டையே பார்த்திருந்தாள்.

"உங்களுக்கு என்ன வேணும்?" துர்சினியின் குரல் மாறியிருந்தது. "படிச்சவங்க எங்களைப் பாத்துச் சிரிக்கணும், அதானே? அங்க சிலாச்சாப்பு ஆஸ்பத்திரியிலயும் ஒரு நர்ஸ் சிரிச்சா. பேரை மாத்தினா ரத்தம் ஊறுமாம்மான்னு கேட்டா. ஊறாதுன்னு எனக்குத் தெரியாதா? எனக்குப் பைத்தியமா?"

ரஹாயுவுக்குக் கோபம் வந்தது, அந்த நர்ஸ் மேல்.

"என் பேரு ரஹாயு" என்றாள்.

துர்சினி புருவத்தை உயர்த்தினாள்.

"எனக்கு நாலு வயசு இருக்கறப்போ வச்சது. அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு. வீட்டுல ஒருத்தரும் சொன்னதில்ல. யுனிவர்சிட்டியில சேர்றதுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டாங்க, அப்பத்தான் அது என்னன்னு நானே பாத்தேன். பள்ளிக்கூடச் சான்றிதழ்ல ஒரு பேரு, இதுல ஒரு பேரு. எங்கப்பா தென்னை மரம் ஏறிப் பதநி இறக்கறவரு. மரத்தை விட்டுட்டுக் கோர்ட்டு வாசல்ல போய் உக்காந்தாரு, ரெண்டும் ஒரே பொண்ணுதான்னு நிரூபிக்கறதுக்கு. நான் அவரை என்ன திட்டு திட்டினேன் தெரியுமா! 'காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கறதை விட்டுட்டுப் பேரை ஏன் மாத்தினீங்க'ன்னு. அவரு, 'மாத்திரையும் வாங்கினேன் கண்ணு. ஒண்ணு பத்தாதேன்னுதான் ரெண்டையும் பண்ணினேன்'னாரு."

துர்சினி முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"இங்கதான்" என்றாள் மெதுவாக. "இதே மாடியில. பை பாதி ஏறியிருக்கும். பல்லு கிடுகிடுன்னு அடிச்சது அவனுக்கு. உடம்பு அனல். நாற்காலியே ஆடுச்சு ம்பாக். டாக்டர் ஓடி வந்தாரு, நிறுத்தினாரு, ஏதோ எழுதினாரு. நான் எங்க பாத்தேன் எழுதறதை? பிள்ளையைத்தானே பாத்தேன். வீட்டுக்குப் போனதும் எல்லாரும் சொன்னாங்க, பேரு ராஜா பேரு, சுமக்கற உடம்பு இது இல்லைன்னு. அன்னிக்கே கஞ்சி காய்ச்சினோம். அப்புறம் இவங்கப்பாவுக்கு சிலாச்சாப்புல படகு வேலை கிடைச்சது, போயிட்டோம். போன வாரம்தான் திரும்பி வந்தோம்."

"அங்க டாக்டர் கேக்கலையா, முன்னாடி ஏதாவது ஆச்சான்னு?"

"கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"வாலுயோவுக்கு ஒண்ணும் ஆனதில்லைன்னேன்."

அவள் பொய் சொல்லவில்லை என்பது ரஹாயுவுக்குப் புரிந்தது. அந்த ஆபத்தை அவள் மறைக்கவே இல்லை. பிள்ளை திரும்பி வரக்கூடாத இடத்தில் அதை விட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். டாக்டர் பார்த்து எழுதியது எந்தக் காய்ச்சலையோ, அதே காய்ச்சலுக்குப் பயந்துதான் பெயரை மாற்றினாள். மாற்றிய பெயர் டாக்டர் எழுதியதைப் பிள்ளையிடமிருந்து பிரித்துவிட்டது.

"அங்க ரத்தம் ஏத்தினப்போ?"

"லேசா நடுங்கினான். ரெண்டு மூணு நாள் கழிச்சுக் கண்ணு மஞ்சளாச்சு. புதுப் பேருக்கு உடம்பு இன்னும் பழகலைன்னு நெனைச்சேன்." துர்சினி நிமிர்ந்தாள். "தப்பா?"

பேருக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒரு வாக்கியம் ரஹாயுவின் நாக்கு நுனியில் இருந்தது. சரியான வாக்கியம்தான். அவள் அதைச் சொல்லவில்லை.

"பேரு கனமா இருந்துச்சோ இல்லையோ, எனக்குத் தெரியாது. ஒரு வகை ரத்தம் அவனுக்கு ஆகாது. எந்தப் பேருல இருந்தாலும் ஆகாது. அதை டாக்டர் கண்டுபிடிச்சு எழுதி வச்சிருக்காரு, எழுதினது இன்னும் இருக்கு. நாளைக்கு ஏத்தறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட சொல்லணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பையன் டீயைப் பாதி சிந்திக்கொண்டு வந்தான்.

"நீங்களே சொல்லுங்க" என்றாள் துர்சினி அவசரமாக. "ஆனா அந்தப் பேரைச் சொல்லாதீங்க ம்பாக். எண்ணைச் சொல்லுங்க."

*

டாக்டர் லிஸ்த்யா இளையவர், புதிதாக வந்தவர். திரையில் இரண்டு வரிகளையும் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"இன்னிக்கு எடுத்த சாம்பிள்ல ஒண்ணும் தெரியலையே" என்றார். பிறகு தனக்குத்தானே தலையசைத்துக்கொண்டார். "தெரியாது. இந்த எதிர்ப்பு நாளாக ஆக அடங்கிப் போயிடும், சோதனையில அகப்படாது. அடுத்த பையை ஏத்தினதும்தான் முழிச்சுக்கும். போன தடவையைவிட வேகமா முழிக்கும். அதுக்கு ஒரே சாட்சி பழைய குறிப்புதான். இதை யாரு பாத்தீங்க?"

"கம்ப்யூட்டர்தான் முதல்ல பாத்துச்சு டாக்டர்" என்றாள் ரஹாயு. "எங்களையும் போக விடாம நிறுத்திடுச்சு."

அந்த வகை கலக்காத பை ஊரில் இல்லை. தேட வேண்டும். நாளைய ஏற்றத்தைத் தள்ளிப் போட்டார்கள். பையனின் ரத்த அளவு ஏற்கெனவே குறைவு, ரொம்ப நாள் தள்ள முடியாது என்றார் டாக்டர். ரஹாயு இருக்கைக்குத் திரும்பியபோது பாக் ட்ரெங்கோனோ தொலைபேசியில் இருந்தார். யாரிடமோ, அதே வெண்ணெய்க் குரலில், ஒரு பையைப் பற்றிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். குடும்பம் நலமா என்று விசாரித்தார். அவர்கள் ஊர் மழையைப் பற்றி விசாரித்தார். ரஹாயு பொறுமையிழந்து காலை ஆட்டினாள். கடைசியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"செமாராங்ல இருக்காம். நாளைக்கு அனுப்பிடுவாங்க."

"அதைக் கேக்கறதுக்கு மழையைப் பத்தி ஏன் பாக் விசாரிச்சீங்க?"

"நீங்க கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"பை இருக்கா இல்லையான்னு கேட்டிருப்பேன்."

"இல்லைன்னு சொல்லியிருப்பாங்க" என்றார் அவர்.

ரஹாயு இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள், கை இறங்கும்போது கேலி போயிருந்தது.

பிறகு உட்கார்ந்து வாலுயோவின் வரியைத் திறந்தாள். சிவப்புக் குறிப்பைப் பழைய வரியிலிருந்து எடுத்து, ஒரு எழுத்தும் சிந்தாமல் இங்கே வைத்தாள். ஏற்றிய நாட்கள், பைகள், எடை, உயரம் எல்லாவற்றையும் கொண்டு வந்தாள். டாக்டர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சரி பார்த்தார். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு பழைய வரியில் மிச்சம் இருந்தது அந்தப் பெயர் மட்டும். குடும்ப அட்டையில் அது இன்னும் இருக்கிறது. கோர்ட்டு வாசலில் யாராவது போய் உட்காரும் வரை இருக்கும். இங்கே வேண்டாம்.

அந்த வரியை நீக்கினாள். கமாண்ட் கொடுத்தாள்.

திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு சிவப்பு இல்லாமல், சத்தம் இல்லாமல், முடிந்தது என்று ஒரு சின்ன வரி. இத்தனை முறை முடியாது என்றது முடியும் என்றபோது கொண்டாடிக்கொள்ளவும் இல்லை. ரஹாயு திரையின் ஓரத்தை ஒரு விரலால் தட்டிக்கொடுத்தாள்.

*

திங்கட்கிழமை கீழே கூடத்தில் மாவட்டத் தலைவர் பட்டனை அமுக்கினார், கைதட்டினார்கள். பாக் ட்ரெங்கோனோ அவர் முன்னால் பரிசோதனைக்காக ஒரு நோயாளியைச் சேர்த்துக் காட்டினார். பதற்றத்தில் பட்டனை இரண்டு தடவை தட்டிவிட்டார். பெரிய திரை முழுக்கச் சிவந்தது: இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது.

மாவட்டத் தலைவர் தொண்டையைச் செருமினார். "எரரா?"

"இல்லைங்க" என்றார் பாக் ட்ரெங்கோனோ, முகமெல்லாம் பல்லாக. "மறுக்குதுங்க! பாருங்க, எவ்வளவு நல்லா மறுக்குதுன்னு! இதுக்குத்தான் இவ்வளவு பாடுபட்டோம்."

மாவட்டத் தலைவர் இன்னொரு தடவை மறுக்கச் சொல்லிக் கேட்டார். அது மறுத்தது.

ரஹாயு அதைக் கடைசி வரை பார்க்கவில்லை, மூன்றாவது மாடிக்குப் போய்விட்டாள். ஜன்னல் ஓர நாற்காலியில் வாலுயோ காலை ஆட்டிக்கொண்டு கிடந்தான். செமாராங் பை பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. அவன் அம்மாவின் தொலைபேசியில் ஏதோ விளையாட்டில் தோற்றுக்கொண்டிருந்தான். டாக்டர் வந்து தொட்டுப் பார்த்தார், போனார். மறுபடி வந்தார், தொட்டார். காய்ச்சல் இல்லை, நடுக்கம் இல்லை. அடுத்த சில நாட்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்.

"போரடிக்குது" என்றான் பையன்.

"அடிக்கட்டும்" என்றாள் துர்சினி. உலகத்திலேயே இனிப்பான வார்த்தையைக் கேட்டது போல இருந்தது அவள் முகம். பையிலிருந்து வாழையிலை வைத்த சின்னக் கிண்ணம் ஒன்றை எடுத்து ரஹாயுவிடம் நீட்டினாள். ஒரு பக்கம் வெல்லம் போட்ட சிவப்புக் கஞ்சி, ஒரு பக்கம் வெள்ளை.

"இது எதுக்கு? மறுபடியும் பேரை மாத்திட்டீங்களா?"

"போதும்மா ஒரு தடவை மாத்தினது! இது உங்களுக்கு. எங்க வீட்டுக் கணக்குல நன்றிக்கும் இதே கஞ்சிதான்."

ரஹாயு நின்றுகொண்டே சாப்பிட்டாள். வெல்லம் தென்னை வெல்லம், அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். வழித்துத் தின்றுவிட்டு வராந்தாவுக்கு வந்து அப்பாவைக் கூப்பிட்டாள். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார். மூச்சு வாங்கினார், மரத்திலிருந்து இறங்கி வந்திருக்க வேண்டும்.

"என்ன கண்ணு? இந்த நேரத்துல?"

"அப்பா, எனக்கு நாலு வயசுல பேரு மாத்தினீங்களே."

"அய்யோ. மறுபடியும் கோர்ட்டா?"

"இல்லப்பா. அதுக்கு நன்றி சொல்லலாம்னு கூப்பிட்டேன். மாத்திரைக்கும். ரெண்டுக்கும் சேத்து."

அப்பாவின் குரல் தாழ்ந்து, கவலையோடு வந்தது.

"காய்ச்சல் ஏதும் அடிக்குதாம்மா உனக்கு?"